ஆறாவது முகம்

புகைபோட்டுக் காயவைத்த ரப்பர் வெந்நீரில் ஊறினால் அதற்கு ஒரு வாசனை உண்டு. பன்றி இறைச்சியை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டதுபோல ஒரு புகை மணமும், அதற்கு அடியில் புளித்த பாலின் நெடியும் கலந்திருக்கும். என் நினைவில் கிறிஸ்துமஸ் என்பது அந்த வாசனைதான். நவம்பர் மழை பிடித்துக்கொண்டதும் மதினி கிடங்கிலிருந்து ரப்பர் ஷீட்டின் ஓரத்துண்டுகளை வாங்கி வந்து, சுடுதண்ணீரில் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி, மரக்கட்டையில் ஒட்டிக் காயவைப்பார். பிறகு அதில் நட்சத்திரம், மணி, ஓலைக்கொட்டில் என்று வாழ்த்து அட்டைக்கான முத்திரைகள் செதுக்குவார். அவர் செதுக்கும் கத்தி என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டி கீற வைத்திருந்து, முனை மழுங்கியதால் ஒதுக்கிப்போட்டது.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமான ஒரே வருடத்தில் கணவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, மலாயாவில் செமோருக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் தம்பியோடு வந்து தங்கிவிட்டவர். தம்பி அங்கே டிரெஸர். மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் அவர் வேலை. மதினி, தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். கமுந்திங்கில் ரயில்வேக்காரர் மகளாக வளர்ந்த நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். நான் வந்த வருடமே வாழ்த்து அட்டை வேலையில் என்னையும் இழுத்துவிட்டார்.

ஈப்போவில் எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு விற்பனை நடக்கும். மதினியின் அட்டைகளுக்கு அங்கே நல்ல பெயர். முத்திரை குத்துவது மட்டுமல்ல. தடித்த தாளுக்கு எண்ணெய் பூசிக் காயவைத்து, அதில் உருவங்களை வெட்டியெடுத்து ஸ்டென்சிலும் செய்வார். வெட்டிய தாளை அட்டைமேல் வைத்து, பஞ்சால் சாயத்தை ஒற்றி எடுத்தால் உருவம் மட்டும் பதிந்திருக்கும். ஈப்போவில் ஒரு சீனக் கொல்லனிடம் சொல்லி இரும்பில் அச்சும் அடித்து வைத்திருந்தார். ஒரு தகட்டில் நட்சத்திரம் புடைத்திருக்கும். இன்னொன்றில் அதே நட்சத்திரம் குழிந்திருக்கும். ஈரம் தொட்ட அட்டையை இரண்டுக்கும் நடுவில் வைத்து, தோட்டத்து ஆபீசில் கழித்துப்போட்ட திருகு பிரஸ்ஸில் இறுக்கினால், மை இல்லாமலே நட்சத்திரம் மேலெழுந்து வரும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

மூன்றாம் வருடம் தேவதூதர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். வெள்ளைக்காரப் படங்களில் இருக்கும் கொழுகொழு முகங்களை வரைந்து வரைந்து மதினிக்குச் சலித்திருந்தது. "நம்ம லயத்துப் புள்ளைங்களுக்கு மூக்கும் முழியும் இல்லாமயா போச்சு?" என்றார். மேற்குப் பார்த்த எங்கள் வாசல் வழியாகச் சாயங்கால வெயில் நேராக உள்ளே விழும். எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் பிள்ளையைப் பக்கவாட்டில் உட்காரவைத்தால் நிழல் கூர்மையாகத் தாளில் விழும். நான் பிள்ளையின் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, மதினி பென்சிலால் நிழலின் ஓரத்தை வரைவார். அந்தப் பெரிய படத்தில் கட்டம் போட்டு, சின்னதாக்கி, எண்ணெய்த் தாளில் வெட்டுவார். ஐந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பாக்கியம் என்ற பால்மரம் வெட்டுபவர் மகள்தான் சின்னவள், ஆறு வயதிருக்கும். நிழல் தன் மூக்கைச் சரியாகக் காட்டவில்லை என்று கோபித்துக்கொண்டாள்.

கடைசி நாள் பிள்ளைகள் போன பிறகு நான் அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். மங்கு கோப்பையோடு திரும்பி வந்தபோது மதினி சுவருக்கு முன்னால் நின்றிருந்தார். டின் காலி. சுவரில் புதிதாக ஒட்டிய தாளும் வெறுமை. ஆனால் அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ அசையாமல் இருக்கவேண்டுமே என்று காத்திருப்பவர்போல நின்றார். கூப்பிட்டேன். சற்று நேரம் கழித்துத்தான் திரும்பினார்.

"என்ன மதினி பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. வெயிலு போறதுக்குள்ள..." என்றார். கோப்பையை வாங்கிக் குடித்தார். நானும் மறந்துவிட்டேன்.

அட்டைகளில் பதிக்க உட்கார்ந்த அன்று மேசையில் ஸ்டென்சில்களைப் பரப்பினோம். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தன. ஆறாவது ஒரு பையனின் முகம். நெற்றியில் முடி சரிந்து விழுந்திருந்தது. மூக்கு நுனி லேசாக மேல்நோக்கி இருந்தது. கழுத்தில் சட்டைக் காலரின் மடிப்பு. எங்கள் பிள்ளைகளில் யாருக்கும் காலர் வைத்த சட்டை கிடையாது.

"இது யாரு?" என்றார் மதினி.

"நீங்க வெட்டுனதுதானே?"

"நான் அஞ்சுதான வெட்டுனேன்."

சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டி வைத்திருந்த பெரிய படங்களை விரித்துப் பார்த்தோம். அவை ஐந்துதான். ஆனால் வெட்டியது மதினியின் கைதான். அதில் சந்தேகமே இல்லை. மோவாய்க்குக் கீழே கத்தியைத் திருப்பும்போது அவருக்கு எப்போதும் சின்னதாக ஒரு கீறல் விழும். அந்தக் கீறல் இதிலும் இருந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்தார். அதை அடுப்பில் போட்டுவிடலாம் என்றேன். "புள்ள முகத்தப் போயி அடுப்புல போடுறதா?" என்று சொல்லிவிட்டு, மற்ற ஐந்தோடு அதையும் சேர்த்தே பதித்தார். புடைத்த நட்சத்திரத்துக்குக் கீழே ஆறு முகங்கள் வளைவாக நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் பிள்ளைகள் வந்து தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். பாக்கியம் ஆறாவது முகத்தில் விரலை வைத்தாள்.

"இந்தத் தம்பியும் வந்து ஒக்காந்தானா டீச்சரம்மா?"

"எந்தத் தம்பி?"

"பங்களாப் படிக்கட்டுல நிக்கிற தம்பிதான். நாங்க புல்லறுக்கப் போவையில பாப்பேன். வெயில்ல நின்னாலும் அவனுக்கு நெழலு விழாது." அட்டையை மறுபடி பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "அவன் நெழலு இங்கதான இருக்கு."

துரை பங்களாவில் பிள்ளைகள் கிடையாது. துரையும் துரைசானியும் அந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. துரைசானி வெளியே வருவதே அபூர்வம். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை என்றுதான் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

வழக்கப்படி பங்களாவுக்கு ஒரு அட்டை போயிற்று. அன்று பிற்பகலே துரைசானி எங்கள் வீட்டுக்கு வந்தார். மழையில் குடை இல்லாமல், செம்மண் சேறு முழங்கால்வரை தெறிக்க, நடந்தே வந்திருந்தார். அட்டையை மழை படாமல் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மதினிக்கு மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் நன்றாகவே வரும். அவர்கள் இருவரும் பேசியதை மதினி பிறகு எனக்குச் சொன்னார். அந்த அம்மாளுக்கு ஒரு மகன் இருந்திருக்கிறான். மலாயாவுக்கு வரும் வழியில், கப்பலிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனான். உடலைக் கடலில்தான் இறக்கினார்கள். இங்கே யாரிடமும் அதைப் பேசக்கூடாது என்று துரை சொல்லிவிட்டார். மகனின் படங்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார். "இவனை எப்போது பார்த்தாய்?" என்பதுதான் அந்த அம்மாள் கேட்ட கேள்வி. மதினி உள்ளதைச் சொன்னார்: பார்க்கவில்லை, வெட்டிய நினைவும் இல்லை.

விஷயம் துரையின் காதுக்குப் போனதும் நிலைமை மாறியது. யாரோ தன் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பங்களாச் சமையற்காரரைக் கூப்பிட்டு மிரட்டினார். டிரெஸர் குடும்பத்தோடு மறுநாள் காலையில் பங்களாவுக்கு வரவேண்டும் என்று ஆள் அனுப்பினார். வேலை போய்விடும் என்பது எங்களுக்குப் புரிந்தது. நான் அப்போது முழுகாமல் இருந்தேன். மழைக்காலத்தில், தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டு எங்கே போவது என்ற பயம்தான் எனக்கு.

"ஏதோ இங்கிலீஷ் புஸ்தகத்துல பாத்து வெட்டுனேன்னு சொல்லிருக்கா. அவ்வளவுதான். முடிஞ்சிரும்," என்றார் என் வீட்டுக்காரர். அக்காவிடம் அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

காலையில் மதினி வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு, ஆறாவது ஸ்டென்சிலைச் சுத்தமான துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். போகும் வழியில் லயத்தில் நின்று பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டார்.

பங்களா வராந்தாவில் துரை நாற்காலியில் இருந்தார். துரைசானி படிக்கட்டின் மேற்படியில் நின்றிருந்தார். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. எந்தப் படத்தைப் பார்த்து வெட்டினாய் என்று துரை கேட்டார். என் வீட்டுக்காரர் அக்காவையே பார்த்தார். எந்தப் படத்தையும் பார்க்கவில்லை என்று மதினி சொன்னார். துரை முகம் சிவந்து எழுந்தார். அதற்குள் துரைசானி மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அது எனக்கே பாதி புரிந்தது. பூட்டு உடையவில்லை, நேற்றே பார்த்தேன் என்றார். அந்தப் பெட்டியில் பக்கவாட்டு முகம் ஒன்றுகூட இல்லை என்றார். இந்தப் பக்கமாக அவனை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், தூங்க வைக்கும்போது என்றார்.

துரை அப்படியே நின்றார்.

மதினி பாக்கியத்தின் தோளில் கைவைத்தார். "அந்தத் தம்பி எங்கடி நிப்பான்? பயப்படாம சொல்லு."

அந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லை. எங்களுக்குத்தான். அவள் கை நீட்டினாள். "இப்பவும் நிக்கிறானே. அம்மா கவுனப் புடிச்சிக்கிட்டு."

மதினி அதை இங்கிலீஷில் சொன்னார். துரைசானி திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் மெதுவாக இறக்கி, இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு பிள்ளையின் தலை இருக்கும் உயரத்தில் நிறுத்தினார். விரல்கள் லேசாக வளைந்தன, முடியைக் கோதுவதுபோல. காற்று இல்லை. ஆனால் அவருடைய கவுன் அந்தப் பக்கம் மட்டும் இழுபட்டு மடிந்திருந்ததை நான் பார்த்தேன். மேற்படியில் அவர் நிழல் நீளமாக விழுந்திருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. துரை நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. மதினி துணிச்சுருளைப் படியில் வைத்துவிட்டு வந்தார்.

எங்கள் வேலை போகவில்லை. சமையற்காரரையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் துரை வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்ப நாங்கள் பங்களா வாசலில் வரிசையாக நின்றோம். துரைசானி காரில் ஏறி, ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார். கதவைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். டிரைவர் விழித்தான். துரையே இறங்கி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்கோ நேரம் கொடுப்பதுபோலப் பொறுத்திருந்து, பிறகு சத்தமில்லாமல் சாத்தினார். என் பக்கத்தில் நின்ற பாக்கியம் கையை ஆட்டினாள். கார் ரப்பர் மரங்களுக்குள் மறையும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மதினி அதற்குப் பிறகும் அட்டை செய்தார். ஆனால் முகம் வெட்டவில்லை. கேட்டால், கண் மங்கிவிட்டது என்பார். மங்கவில்லை, கடைசிவரை ஊசியில் நூல் கோர்த்தார்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. மரங்களை வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். பங்களா இருந்த மேட்டில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. போன மாதம் சிம்பாங் பூலாயில் மகள் வீட்டில் இருக்கும் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். அவளுக்கும் தலை நரைத்து, முட்டி வலி வந்துவிட்டது. பழைய கதைகளெல்லாம் பேசினோம். துரைசானி அந்த நாளில் தனக்குக் கொடுத்த ஒரு பிஸ்கட் டின் வரைக்கும் அவளுக்கு நினைவிருந்தது. அந்தப் பையனின் பெயரை அவன் அம்மா எங்களிடம் சொல்லவே இல்லை, இத்தனை வருடமாக அது என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது என்றேன்.

"எனக்குத் தெரியும்கா," என்றாள் பாக்கியம்.

நான் காத்திருந்தேன். அவள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள்.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்கான்."