எனக்கு ஆங்கிலம் வராது

மலேசியாவின் தெப்ராவில் 'கேன்' என்ற ஒரு சொல் போதும், காலத்தை ஓட்டிவிடலாம். முடியுமா, முடியும், சரி, பார்ப்போம் எல்லாமே அதுதான். வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில், திருச்சி கான்வென்டில் படித்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, ஒரு தேநீர் கிடைக்க வாய்ப்பிருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். கடைக்காரச் சீனர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வான்ட் ஆர் டோன் வான்ட்?" என்றார். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுக்கவே நான் பாடம் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்பு இருக்கிறது. தொழிற்சாலைப் பெண்கள் ஷிப்ட் முடிந்து களைத்து வருகிறார்கள். கடன் வாங்கும் 'பாரோ'வுக்கும் கடன் கொடுக்கும் 'லென்ட்'டுக்கும் உள்ள வித்தியாசத்தையும், பூனையும் நாயுமாக மழை கொட்டும் கூத்தையும் மனப்பாடம் செய்கிறார்கள். தவறாகச் சொன்னாலோ, தமிழோ மலாயோ வாயில் வந்தாலோ, வகுப்பை நடத்தும் முதலாளி ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டுவார். 'எனக்கு ஆங்கிலம் வராது' என்று அதில் ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கும். இத்தனைக்கும் அவர் தமிழர். அடுத்தவர் தவறைக் காட்டிக்கொடுத்தால் அட்டை கைமாறும். கடைசி வகுப்பு முடியும்போது அது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவருக்குச் சான்றிதழ் கிடையாது.

முதன்முதலில் அதைப் பார்த்தபோது என் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. திருச்சியில், விழுந்து முழங்கால் கிழிந்து "அம்மா" என்று கத்தியதற்காக இதே போன்ற அட்டையை எனக்கு மாட்டினார்கள். அதைக் கழற்ற, வேறு யாராவது தமிழ் பேச மாட்டார்களா என்று கழிப்பறை வாசலில்கூட ஒட்டுக்கேட்டு அலைவோம். பிள்ளைகளை உளவாளிகளாக்கும் அந்த அசிங்கம் கடலுக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டது என்று நம்பியிருந்தேன்.

கடைசி வகுப்பில் அட்டை புஷ்பா அக்காவிடம் போனது. குளுவாங் ஊர்த் தோட்டத் தொழிலாளர் குடும்பம், என்னைவிட மூத்தவர். மறுநாள் தொழிற்சாலையில் லைன் லீடர் என்ற மேற்பார்வை வேலைக்கு நேர்காணல்; சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பேனா கேட்கும்போது 'லென்ட்' என்பதற்குப் பதில் 'பாரோ' என்றுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் பக்கத்து நாற்காலி லெட்சுமி அதே தவறைச் செய்தாள். அவளுக்கும் மறுநாள் அதே நேர்காணல்தான்.

முதலாளி புஷ்பா அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "யூ ஹியர் எனி மிஸ்டேக்?"

"நோ லா, சார். ஆல் கரெக்ட்."

வகுப்பு முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அக்கா அட்டையைக் கையால் மூடிக்கொண்டு தலை குனிந்திருந்தார். எனக்கு அந்த அறையே நாறியது.

"அந்த அட்டைய என்கிட்ட குடுங்க, புஷ்பாக்கா," என்று வகுப்பே கேட்கத் தமிழில் சொன்னேன்.

"ஐயோ, வேணாம் டீச்சர். நீங்க போய் மாட்டிக்கிட்டு!"

"தமிழ் பேசினா மாட்டணும். சார் போட்ட சட்டம்தானே?"

அட்டையை வாங்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முதலாளியின் முகம் சுருங்கியது. ஆனாலும் எல்லோருக்கும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். கடைசியாக என்னிடம் வந்து, "நாளைக்கு நீங்க வர வேணாம்," என்றார், சுத்தமான தமிழில்.

பேருந்து நிறுத்தத்தில் வியர்வையைத் துடைத்தபோதுதான் அட்டை இன்னும் கழுத்திலேயே கிடப்பது தெரிந்தது. திருச்சியில் சணல் கயிறு, இங்கே நைலான். உறுத்துகிற இடம் மட்டும் மாறவில்லை.