அப்பா கேட்ட ஊசி

பினாயிலும் பால் கவிச்சியும் கலந்த ஒரு வாசனை... அரியலூர் அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டு என்றால் எனக்கு இன்னும் அதுதான் நினைவுக்கு வருகிறது.

பத்து வருஷத்துக்கு முன்பு என் மகள் அங்கேதான் பிறந்தாள். சுகப்பிரசவம். தையல்கூட இல்லை.

எங்கள் ஆண்டிமடம் பக்கம் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முதலில் ஆணா பெண்ணா என்பார்கள். அடுத்த கேள்வி, எத்தனை ஊசி போட்டார்கள் என்பது. நிறையப் போட்டால் நல்ல ஆஸ்பத்திரி! தனியாரில் பெற்ற என் சித்தி மகளுக்குக் காலையும் சாயங்காலமும் ஆன்டிபயாடிக் ஊசி. எனக்கு ஒன்றுகூட இல்லை.

காய்ச்சல் இல்லை, ஊசி தேவையில்லை என்று டியூட்டி டாக்டரம்மா நர்ஸிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பாவுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். அந்த விரலை நீட்டி, வார்டு நடுவில் நின்று கத்தினார்.

"பக்கத்துக் கட்டிலுக்குப் போடுறீங்க, எம் பொண்ணுக்கு மட்டும் கெடையாதா? நாங்கன்னா கிள்ளுக்கீரையா?"

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்திருந்தது. எனக்குத் தெரியும். அப்பாவுக்கு யார் சொன்னார்கள்?

எனக்கு மானமே போயிற்று. எல்லோரும் பார்க்கிறார்கள்... போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். சத்தம் கேட்டுத் திரும்பி வந்த டாக்டரம்மா அலுத்துப்போய் ஊசியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஊசி ஏறியது. அப்பா ஜெயித்த முகத்தோடு டீ வாங்கப் போனார். இந்த மனுஷன் ஏன் எனக்கு அப்பாவாக வாய்த்தார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

இப்போது எனக்குப் பெரம்பலூரில் ஆபீஸ் வேலை. போன மாசம் மகளுக்குச் சளிக்காய்ச்சல். அப்பாவும் கூட வந்தார். கிளினிக்கில் டாக்டர் எங்களுக்கு நாற்காலி காட்டினார். இது வைரஸ், ஆன்டிபயாடிக்குக் கேட்காது, கண்டபடி கொடுத்தால் நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாது என்று நிதானமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அப்பாவும் தலையாட்டினார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் சொன்னார்.

"அன்னைக்கும் இப்படி உக்கார வச்சு சொல்லியிருந்தா, நான் ஏம்மா கத்தப்போறேன்?"

டாக்டரம்மாவுக்கு நேரமில்லை, சரி. பக்கத்திலேயே படுத்திருந்த நானும்தானே சொல்லவில்லை...

அப்பா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.