மூன்று பிளாஸ்திரித் துண்டுகள்

அந்த ஹீட்டரின் நெற்றியில் மூன்று பிளாஸ்திரித் துண்டுகள். காயத்துக்கு நறுக்குவது போல நறுக்கி, வழுவழுவென்ற கண்ணாடியில் விரல் பட வேண்டிய மூன்று இடங்களுக்கும் அடியில் ஒவ்வொன்றாகக் கம்பவுண்டரய்யா ஒட்டியிருந்தார். ஒன்று ஹீட்டரைப் போட, ஒன்று சூட்டைக் குறைக்க. மூன்றாவது டைமர், அதைத் தொட மறந்தால் கதவடைத்த அறையில் விடியும்வரை தானே எரிந்துகொண்டிருக்கும்.

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மருந்து கொடுத்தவர். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் காலை மாத்திரைப் பொட்டலத்தில் ஒரு மடிப்பு, ராத்திரிப் பொட்டலத்தில் இரண்டு. தடவிப் பார்த்துப் போடச் சொல்வார். என் அம்மா ஒரே சந்தேகத்தை நான்கு தரம் கேட்பாள். ஐந்தாம் தரமும் முதல் தரம் போலவே சொல்வார். அந்தக் குரலில் சலிப்பை நான் கேட்டதே இல்லை. ஓய்வு பெற்றுக் கோத்தகிரிப் பக்கம் தனியாகக் குடியேறிய பிறகு கண்ணில் நீரழுத்தம் வந்து, வெளிச்சம் எது நிழல் எது என்பது மட்டும் அவருக்கு மிஞ்சியது.

மேட்டுப்பாளையத்து மகள் ஹீட்டர் வாங்கி அனுப்பினாள். கூடவே அதை இயக்கும் முறை அச்சடித்த, நாலாக மடித்த தாள், கடுகு கடுகாய் எழுத்து. படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். ஃபேக்டரி ஆபீஸ் கிளார்க் நான். கவிதை எழுதுகிறவன், வார்த்தைக்குக் குறைவில்லாதவன் என்று ஒரு பெயரும் உண்டு. அன்றைக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். இரண்டு தரம் சொன்னேன். அவர் செல்போனை நீட்டினார்.

"இதுல பேசி வெச்சிருங்க தம்பி. மறுக்கா உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

பேசினேன். இரண்டாவது பட்டன் முடிந்ததும், எத்தனை நொடி அமுக்க வேண்டும் என்று குறுக்கே கேட்டார். நான் பெருமூச்சு விட்டேன். "எத்தன வாட்டிங்க சொல்றது? காதுங்கூடவா கேக்கல?" என்றேன். பிறகு டைமரைச் சொல்லி முடித்துவிட்டு ஓடினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் போனபோது, குளிருதுங்களா என்று கேட்டுக்கொண்டே செல்போனை அமுக்கினார். என் குரல் வந்தது. அவர் விரல் முதல் பிளாஸ்திரியில் நின்றது, இரண்டாவதில் நின்றது. என் பெருமூச்சு வந்தது. காதுங்கூடவா கேக்கல. விரல் மூன்றாவதுக்கு நகர்ந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை நாளும், தினமும் இதைத்தான் கேட்டிருக்கிறார். அதை அழிக்கச் சொல்லிவிட்டு, தாளை முதலிலிருந்து ஒரு வரி விடாமல், நிதானமாய்ப் புதிதாகப் படித்துப் பதிந்து கொடுத்தேன். முழுவதையும் தலை சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஒரே சீராப் போகுது. பழசுல நீங்க சலிச்சுக்கற எடம் வந்தா அடுத்தது டைமர்னு கைக்கே தெரியும். ஊசி போட்ட எடம் யாருக்கு மறக்குமுங்க? அது இருக்கட்டும் தம்பி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்க ஒரு வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை.

இப்போதும் சாயங்காலம் மூடுபனி இறங்கும் நேரத்தில் வீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் நான் சலித்துக்கொள்வேன். அதைக் கேட்டு ஒரு விரல் மூன்றாவது பிளாஸ்திரிக்குப் போகும்.