கழுவிய முகம்

திருச்சுழி சாலையோரக் கரிமூட்டத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாளை மூன்று கோடைகள் படம் எடுத்தேன். சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே கனலவிட்டுக் கரியாக்கும் வேலை. முகத்தைப் படம் பிடிப்பது சோம்பேறியின் கலை என்பது என் கொள்கை. முகம் உடனே பதில் சொல்லிவிடும். கையும் குதிகாலும் பார்ப்பவரை யோசிக்க வைக்கும். ஆகவே புகை தாழும் நொடிக்காகவும் வெயில் சாயும் கோணத்துக்காகவும் மணிக்கணக்கில் காத்திருந்தேன். அவரையும் வெயிலில் நிறுத்தி வைத்தேன்.

ஒருநாள் அவர் குடத்து நீரில் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“தம்பி, எம் மூஞ்சிய ஒண்ணு புடிங்க. வீட்டுல எம் படமே கெடையாது.”

“ஏம்மா கழுவுனீக? கரியோட இருந்தாத்தான் படம்,” என்றேன்.

கூட வேலை செய்த ஒருத்தி சிரித்தாள்: “ஏத்தா, மூஞ்சின்னு ஒண்ணு இருந்தா எடுக்க மாட்டாகளா?”

அவரும் சிரித்தார். குனிந்து, கரித்தூளை அள்ளிக் கைகளில் தேய்த்துக்கொண்டார். அந்தக் கைகளை எடுத்தேன். மதுரைக் கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம் நின்றது.

சென்ற ஆண்டு அவர் இறந்தார். பதினாறாம் நாள் சடங்குக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமென்று, பந்தல்குடியில் வாழ்க்கைப்பட்ட மகள் அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏறி என் வீட்டுக்கு வந்தாள். படங்களை ஒவ்வொன்றாகக் கணினித் திரையில் காட்டினேன்.

“இது எங்கம்மா கையி. இது காலு. தலைய எங்க சார் வச்சிருக்கீக?”

கடைசியாக, புகைக்குள் நடந்துபோகும் உருவம் ஒன்றைக் காட்டினேன். நான் எடுத்தவற்றிலேயே சிறந்தது அதுதான் என்றும் சொன்னேன்.

“முதுகுல எப்படி சார் பொட்டு வைக்க?” என்று கேட்டுவிட்டு எழுந்துபோனாள்.

சடங்கன்று நானும் போனேன். நாற்காலியில் ஒரு படம் சாத்தியிருந்தது. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, வருகைப் பதிவுக்காகச் செல்பேசியில் யாரோ எடுத்ததிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. பக்கத்தில் நின்றவளின் தோளும் மாலைக்கு வெளியே தெரிந்தது. அவர் முகம் கழுவியிருந்தார். கூப்பிட்டவரைப் பார்ப்பதுபோல நேராகப் பார்த்தார்.

மகள் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள்.

“நீங்களும் வைங்க சார்.”

விரலைச் சந்தனத்தில் தோய்த்துக்கொண்டு அந்த நெற்றியருகே குனிந்தேன். உச்சி வெயிலில் எடுத்திருக்கிறார்கள், கண்குழிகளில் நிழல் விழுந்திருக்கிறது, ஒளி சரியில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.