மூடியைத் திறக்காத நாள்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று இந்த மலையூர் ரிங்லெட்டில் எனக்கு இரண்டு காய்கறி லோரிகள், சொந்த வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையில் பீர் காய்ச்சுகிறேன். டின்னில் வரும் பார்லிப் பாகைக் கரைக்கும் வேலை இல்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை நானே உடைத்துச் செய்வது. இந்த மலையில் இன்னொரு ஆள் இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம்.

ஆனால் போன தீபாவளிக்கு வந்த சம்மந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சம்மந்தி. பீர் எப்ப வரும்?" என்றார். வீடே சிரித்தது, என் மருமகள் உட்பட. அடுத்த தீபாவளிக்கு அந்த வாயாலேயே இன்னொரு கிளாஸ் கேட்க வைப்பது என்று அன்றே முடிவு கட்டினேன்.

குறை எங்கே என்று எனக்குத் தெரியும். உடைத்த பார்லியைக் கொதிக்காத சுடுநீரில் ஊறவிட்டால் அதன் மாவு சர்க்கரையாகும்; சர்க்கரைதான் பிறகு போதையாகும். சாற்றில் ஒரு கண்ணாடி மிதவையைப் போட்டால், சர்க்கரை கூடக்கூட உயர்ந்து நிற்கும். என் மிதவை ஒவ்வொரு முறையும் அமிழ்ந்துபோனது. பார்லியை இன்னும் நைசாக உடைத்தேன், வடிகட்டி அடைத்துக்கொண்டது. தண்ணீரை மாற்றினேன். பார்லி விற்றவனோடு போனில் சண்டை பிடித்தேன்.

ஊறுகிற நேரம்தான் எனக்கு ஆகாத நேரம். முன்பு வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையில், வாடப்போட்ட கொழுந்தை மற்றவர்கள் ஒரு முறை புரட்டினால் நான் மூன்று முறை புரட்டுவேன். அதைப் பார்த்துத்தான் துரை என்னை மேல்வேலைக்குத் தூக்கிவிட்டார். அதே கை பார்லி ஊறும் பானையையும் விடவில்லை. திறப்பேன், கிளறுவேன், ருசி பார்ப்பேன், மூடுவேன். ஒரு சிகரெட் முடிவதற்குள் மறுபடி திறப்பேன்.

தீபாவளிக்கு முன் மிச்சமிருந்தது ஒரே மூட்டை. அதை ஊறப்போட்டதுமே அடுப்பில் கேஸ் தீர்ந்துபோனது. கடைசியில் பார்லியை அலசி வடிக்கச் சுடுநீர் வேண்டுமே. லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு, "பானைய தொட்டுடாத" என்று மனைவியிடம் சொன்னேன்.

"நான் ஏன் தொடுறேன்? நீங்க தொடுறதே போதும்லா."

ரிங்லெட் கடையில் கேஸ் இல்லை. தானா ராத்தாவுக்கு ஏறினேன். பள்ளி விடுமுறை, பட்டணத்துக் கார்கள் மலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரன் அடித்தேன். இறங்கி முன்னால் நடந்து பார்த்தேன், திரும்பி வந்தேன். ஒருவன் காரை நடுரோட்டில் விட்டுவிட்டுத் தேயிலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். போனில் லைன் இல்லை. கிளற ஆளில்லாமல் மூட்டை போயிற்று, என் மானமும் போயிற்று என்றே உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பியபோது பானையின் மேல் வீட்டிலிருந்த கம்பளிகள் அத்தனையும் குவிந்திருந்தன.

"என்னடி இது?"

"ஓயாத மழை, எல்லாம் ஈர வாடை. பானை சூடா இருந்துச்சு, மேல போட்டேன். நான் ஒன்னும் பானைய தொடலயே!"

கத்திக்கொண்டே மூடியைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. ஒரு கரண்டி குடித்தேன், பாயசம்போல் இனித்தது. அலசி வடித்து மிதவையைப் போட்டால், நான் பார்த்தேயிராத கோட்டில் போய் நின்றது. நம்பாமல் எடுத்து எடுத்துப் போட்டேன். இந்தக் குளிரில் ஒவ்வொரு முறை திறந்தபோதும் நானேதான் சூட்டை வெளியே விட்டிருக்கிறேன். சூடு போனால் மாவு மாவாகவே கிடக்கும்.

தீபாவளியன்று சம்மந்தி கிளாஸைக் காலி செய்து, வாய் திறக்காமல் நீட்டினார்.

"கேட்டாத்தான் ஊத்துவேன்," என்றேன்.

"சரி, ஊத்துங்க சம்மந்தி. அப்படி என்னதான் பண்ணீங்க?"

பார்லி உடைக்கும் பக்குவத்திலிருந்து விளக்க ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "ஒன்னும் பண்ணல. ரோட்டு ஜேம்ல மாட்டிக்கிட்டாரு, அதான்!"

வீடு மறுபடியும் சிரித்தது. சிரிக்கட்டும், கேட்டாரா இல்லையா?

இப்போதெல்லாம் பார்லி ஊறப்போட்டதும் கம்பளியைப் போர்த்திவிட்டு லோரியைக் கிளப்பிவிடுவேன். லெம்பா பெர்த்தாம் வரை ஒரு சுற்று, சில நாள் கம்போங் ராஜா வரைக்கும்கூட. மூடியைத் திறக்கச் சொல்லி ஸ்டீயரிங்கில் கை குறுகுறுக்கும். வழியில் பார்ப்பவர்கள், "என்ன, சும்மா சுத்துறீங்க?" என்பார்கள்.

"சும்மாவா? பீர் காய்ச்சிக்கிட்டிருக்கேன்லா," என்பேன்.