தோணிக்குள் ஒரு முட்டைத்தலை

எனக்குப் படம் கீற வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பூனை கீறினால் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "இது என்னகா, கத்தரிக்காயா?" என்று கேட்பாள். அப்படிப்பட்ட என்னிடம்தான், பிள்ளைக்குப் படம் கீறிக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்.

மகளுக்கு மூன்று வயது முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. ஒரு சொல் பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும். தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுத்துக்கொண்டு போவாள். வாய் மட்டும் திறக்காது. பாலர் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கிருந்த ரீச்சர், "ஒண்டுக்கு வருது எண்டாவது சொல்லத் தெரியணுமே. கதைக்கத் தொடங்கினதும் கொண்டு வாங்க" என்றார். முகம் சுளிக்காமல்தான் சொன்னார். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை எனக்குப் பாதை தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வசம்பு உரைத்துத் தேனில் குழைத்து அவள் நாக்கில் தடவினார். கோயிலுக்கு மணி கட்டுவதாக நான் நேர்ந்தேன். "போனைக் குடுத்துக் கெடுத்துட்டா" என்றார்கள் சிலர். "தாய்க்காரி இந்தக் கதை கதைச்சா புள்ளைக்கு எங்க இடம்?" என்றார்கள் வேறு சிலர். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட ஏலுமா? அந்த இரண்டாவது கதைதான் என்னைக் குத்தியது. நான் வாயாடிதான், அதில் பொய்யில்லை.

மிஸ் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். மகளிடம் அவர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "அம்மா, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "போனைப் பாத்தோ புத்தகத்தப் பாத்தோ கீற வேணாம். உங்கட மனசில உள்ளதக் கீறுங்க, அவக்குத் தெரிஞ்ச ஒண்ட. கொஞ்சம் கீறிட்டு நிப்பாட்டுங்க. பேசாம இருங்க. அவ என்ன செய்யிறா எண்டு பாருங்க."

மனசில் உள்ளதாம்! என் மனதில் பயத்தைத் தவிர வேறென்ன கிடந்தது?

முற்றத்தில் பாய் விரித்து, வெள்ளைத் தாளும் கலர் பென்சிலும் வைத்துக்கொண்டு இருவரும் இருந்தோம். ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் கை தானாக இரண்டு மலையைக் கீறியது. நடுவில் சூரியன். மலையடியில் ஓர் ஆறு, ஒரு ஓட்டு வீடு, மேலே பறவைகள். முடித்த பிறகுதான் யோசித்தேன். எங்கள் பெரியகல்லாற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மலையை நானே பஸ் யன்னலால்தான் பார்த்திருக்கிறேன். சூரியன் இங்கே கடலுக்குள்ளிருந்து வரும். அட கடவுளே, மனசில் உள்ளதைக் கீறச் சொன்னால், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கீறிய அதே மலையா வந்து நிற்க வேண்டும்? மகள் ஒரு தரம் பார்த்துவிட்டு எறும்பு பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்து மீன் கீறினேன். அதற்குக் கண் இமையும் சிரிப்பும் வந்துவிட்டன. தகப்பனின் கூடைக்குள் வாய் பிளந்து கிடக்கும் மீனை நாளும் பார்ப்பவள் இதை எப்படி மீனென்று நம்புவாள்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். பேசாமல் இருக்கவும் முடியவில்லை. "மீன் புள்ள, சொல்லு, மீ... மீ..." என்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

என் கணவர் வாவியில் மீன் பிடிப்பவர். "வரும் புள்ள. என்ட தம்பியும் பிந்தித்தான் கதைச்சவன்" என்பார். சொல்வது அப்படி. ஆனால் தோணியடியில் வேறொருவரின் பிள்ளை "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தால், அவர் வலையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பின்னேரம் அவருடைய தோணியைக் கீறினேன். வாழைப்பழம் மாதிரி வந்தது. அதற்குள் அவரை வைக்க வேண்டும். தலை முட்டையானது, கை இரண்டும் குச்சியாயின. கால் கீற எனக்கு எப்போதுமே பயம். எந்தப் பக்கம் மடியும், பாதம் எங்கே திரும்பும் என்று ஒன்றும் பிடிபடாது. அதனால் தோணிக்குள் இருத்திவிட்டேன். இருந்தால் கால் மறைந்துவிடும் அல்லவா? கையில் ஒரு துடுப்பையும் கொடுத்துவிட்டு நிறுத்தினேன். இந்த முறை நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மகள் குனிந்து பார்த்தாள். முட்டைத்தலையில் விரலை வைத்தாள்.

"எழும்பு."

தினமும் விடிய அவளைத் தட்டி நான் சொல்லும் சொல் அது. பிறகுதான் விளங்கியது. அவள் தகப்பன் தோணியில் இருந்துகொண்டு போகிறவர் அல்ல. கரையோரம் தண்ணீர் ஆழமில்லை. நின்றபடி கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டுதான் போவார். என் இடுப்பில் இருந்தபடி அவள் நாளும் பார்ப்பது நிற்கிற மனிதரை.

அவர் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். மகளைத் தூக்கினார், கெஞ்சினார். அவள் வாய் திறக்கவில்லை. "அதையே நினைச்சுக்கொண்டிருந்தா அப்பிடித்தான் கேக்கும் புள்ள" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்பாகச் சொன்னார், அதுதான் என்னை ஆட்டிவிட்டது. மனசில் உள்ளதைக் கீறச் சொன்னார்கள், நான் மனசில் உள்ளதைக் கேட்டும்விட்டேனோ? பிறகு தாளைத் தொடவே துணிவு வரவில்லை. கீறி, அவள் பேசாவிட்டால்? கிடைத்த அந்த ஒரு சொல்லும் இல்லையென்று ஆகிவிடுமே!

மிஸ்ஸிடம் திரும்பப் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லை. ஒரு மத்தியானம் என் கணவர் தரையில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாளை எடுத்தேன். தோணி, முட்டைத்தலை, குச்சிக் கை, துடுப்பு. மகள் வந்து பக்கத்தில் முழங்காலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அவர் பார்க்காத மாதிரித்தான் இருந்தார், ஆனால் சோறு பிசைந்த கை நின்றுவிட்டது.

"எழும்பு."

சோற்றுக் கோப்பையைப் பிடித்தபடி அவர் துள்ளி எழும்பி நின்றார்.

மகள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாளில் இருந்தவர் இன்னும் எழும்பவில்லையே. பென்சிலை எடுத்து என் கைக்குள் திணித்து, இன்னொரு தரம், இந்த முறை கோபமாகவே சொன்னாள்.