நெட்டை ஏற்றி இறக்கிய நாள்

பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை சொல்லித்தருகிறேன் என்று விசில் மேடம் சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது, "அப்போ பி.டி. டீச்சரா?" என்றுதான். இல்லை, விளையாட இல்லை, போட்டி நடத்தச் சொல்லித்தருகிறேன் என்பார். "அதுக்கு எதுக்கு மூணு வருஷம்?" என்பார்கள் உடனே. போன மாதம் சொந்த நாத்தனாரே கேட்டுவிட்டார்.

விசில் என்பது மாணவர்கள் வைத்த பெயர். கழுத்தில் விசில் எதுவும் தொங்காது. தப்பு எங்கே நடந்தாலும் நடக்கும் அதே நொடியில் அவர் குரல் கிளம்பிவிடும், அவ்வளவுதான்.

அந்தக் குரல்தான் வினையாகிவிட்டது. கடைசி வருட மாணவர்கள் ஒரு நாள் வாலிபால் போட்டியைத் தாங்களே திட்டமிட்டுத் தாங்களே நடத்த வேண்டும். அதுதான் செய்முறைத் தேர்வு. அதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க மேடம் ஆறு வருடம் ஒவ்வொரு குழுவின் படியாக ஏறி இறங்கியிருந்தார். ஆனால் கடந்த இரண்டு வருடமும் பதினொரு மணிக்குள் போட்டி அவர் கைக்கு வந்துவிட்டது. மாணவர்கள் நாற்காலி தூக்கியதோடு சரி.

துறைத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார். "மேடம், நடத்துறது நீங்க, மார்க் வாங்குறது அவங்க. இந்த வருஷமும் நீங்க வாயத் திறந்தா, பேசாம எழுத்துத் தேர்வா மாத்திடுவோம். நானே வந்து பக்கத்துல உக்காரப் போறேன்."

வீட்டில் சொன்னபோது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாள் பூரா நீ பேசாம இருக்கப் போறியா? அதுக்கே ஒரு கோப்பை குடுக்கலாம்மா."

"இங்கயும் ஒருநாள் ஒத்திகை பாரேன்" என்றார் கணவர்.

திட்டம் மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருந்தது. ஆண்கள் ஆறு அணி, பெண்கள் ஆறு அணி, ஒரே மைதானம். ஒரு செட் ஆட்டம், அரை மணி, ஆக மொத்தம் பத்து ஆட்டம். பொறுப்பாளர், வகுப்பே 'அட்டவணை' என்று கூப்பிடும் ஒரு பெண். கல்யாணப் பேச்சு வந்தால் அதற்கும் கட்டம் போட்டு வண்ணம் தீட்டுவாள். போட்டிக்கும் அப்படித்தான்: ஒரு நீலக் கட்டம் ஆண்களுக்கு, ஒரு ஆரஞ்சுக் கட்டம் பெண்களுக்கு, மறுபடி நீலம், மறுபடி ஆரஞ்சு. "ரெண்டு பேருக்கும் சமமா இருக்கணும்ல மேடம்."

ஆண்களுக்கான நெட் பெண்களுடையதைவிட ஏறக்குறைய ஒரு சாண் உயரம். அப்படியானால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நெட்டை இறக்க வேண்டும், அல்லது ஏற்ற வேண்டும். தேர்வு விதிப்படி பதிலைச் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்கலாம் என்பதால், மேடம் "மைதானக்காரரிடம் கேட்டீர்களா?" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். திட்டம் திரும்பி வந்தது. எழுத்துரு மாறியிருந்தது. 'மைதானப் பணியாளரிடம் கலந்து பேசியாயிற்று' என்பதற்கு எதிரே அழகாக ஒரு டிக்.

ஒன்பது மணிக்கு முதல் ஆட்டம். ஒன்பதரைக்கு மைதானக்காரர் கம்பத்தின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு பக்கம் துருப்பிடித்து இறுகியிருந்தது. இருபது நிமிடம். அடுத்த ஆட்டம். மறுபடி இருபது நிமிடம். விசில் மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். வரவேற்பு வளைவு இருந்தது, செல்ஃபி எடுக்க ஒரு சட்டம் இருந்தது, ஸ்பான்சர் கொடுத்த தொப்பி நூறு இருந்தது. நெட்தான் ஒரு உயரத்தில் நிற்கவில்லை.

"அருமையா ஏற்பாடு பண்ணியிருக்காங்க" என்றார் தலைவர், தொப்பியைப் போட்டுக்கொண்டு.

மேடம் பல்லைக் கடித்தார்.

ஒரு மணிக்கு எட்டு ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். ஐந்துதான் முடிந்திருந்தது. ஐந்து மணிக்கு மைதானத்தை வேறு ஆட்களுக்கு விட வேண்டும். இப்படியே போனால் கடைசிக் கட்டமான பெண்கள் இறுதி ஆட்டம் நடக்கவே நடக்காது. அட்டவணை ஓடி வந்து மேடத்தின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும் என்று வகுப்புக்கே தெரியும். மேடம் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மேடம், கோபமா?" என்றார் தலைவர்.

 முதுகுக்குப் பின்னால் குரல்கள் மட்டும்.

"அண்ணே, இத மாத்த எவ்ளோ நேரம் ஆகும்?"

"இப்பதான் கேக்குறியா? காலையிலேர்ந்து சுத்திச் சுத்தி என் தோளே கழண்டுபோச்சும்மா."

"இப்ப ஆம்பளைங்க உயரத்துலதானே இருக்கு? இறக்காதீங்க. அப்படியே விடுங்க."

காகிதம் கிழியும் சத்தம். பிறகு மைக்கில், நடுங்கிய குரலில்: "அட்டவணைல தப்பு. நான் பண்ணதுதான். சாப்பிட்டதும் ஆண்கள் ஆட்டம் ரெண்டையும் முடிச்சிடுவோம். அப்புறம் ஒரே தடவ நெட்ட இறக்கிப் பெண்கள் ஆட்டம் மூணு."

"அடுத்தடுத்து ஆடினா எங்களுக்கு மூச்சு வாங்க வேணாமா? நீங்க நெட்ட மறந்தா நாங்க சாகணுமா?" என்று ஒரு கேப்டன் எகிறினான்.

"பத்து நிமிஷம் ஓய்வு தரேன். அதுக்கு மேல கிடையாது. வேணும்னா புகார் எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

நாலே முக்காலுக்குப் பெண்கள் இறுதி ஆட்டம் முடிந்தது.

"சரி, நீங்க பேசல" என்றார் தலைவர் எழுந்துகொண்டே. "செய்முறைத் தேர்வே இருக்கட்டும். ஆனா போட்டி நடந்த லட்சணம் இருக்கே..."

"அது அவங்க மார்க்குல தெரியும்" என்றார் மேடம். எட்டு மணி நேரத்தில் முதல் வார்த்தை; தொண்டை கரகரத்தது.

மறுநாள் மாலை மார்க் தாளோடு அட்டவணை அறைக்குள் வந்தாள். பொய் டிக்குக்குப் பத்து மார்க் போயிருந்தது. கண் சிவந்திருந்தது.

"மூணு வாரமா உங்களுக்குத் தெரியும்ல மேடம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எல்லார் முன்னாடியும் என் மானம் போச்சு."

"சொல்லலாமா? கண்டிப்பா சொல்றேன். உக்காரு." மேடம் திட்டத்தின் முதல் பக்கத்தைப் பிரித்தார். "வரவேற்பு வளைவுலேர்ந்து வருவோம். அதை யாருடி ஆம்புலன்ஸ் வர்ற வழியில நட்டது?"

"மேடம், அஞ்சரைக்கு எனக்கு பஸ்..."

"அடுத்த பஸ் ஆறே காலுக்கு. அதுக்குள்ள ரெண்டாம் பக்கம் முடிஞ்சிடும்."